ஜெய்ப்பூருக்குப் போனால் பாலைவனம் பார்த்ததாகுமா?

பள்ளி விடுமுறையில், மார்கழி மாதம், ஒன்பது நாட்களைக் கையில் வைத்துக்கொண்டு, கணவர், பத்து வயது மகன், அறுபத்தெட்டு வயது அம்மா ஆகியோருடன் வெள்ளவத்தையிலிருந்து ராஜஸ்தானுக்குப் புறப்பட எண்ணியிருக்கிறீர்கள். பயண முகவர் டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்ற வழக்கமான முக்கோணத்தைக் காட்டி, பாலைவனமும் ஒட்டகச் சவாரியும் ஜெய்ப்பூரிலேயே கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். ராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூரோடு நிறுத்திக்கொள்ளலாமா, அல்லது அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேற்கே பாலைவனத்திலுள்ள ஜெய்சல்மேர் வரை போவது தகுமா என்பது உங்கள் கேள்வி. பாலைவனத்தில் கல்லாகிப்போன மரங்கள் இருப்பது உண்மையா என்பது மகனுடைய கேள்வி.

ஜெய்ப்பூரில் ஒட்டகம் நிற்கும். அது நுவரெலியாவில் மட்டக்குதிரை நிற்பதைப் போன்றது. தலைநகரோடு திரும்பினால் நீங்கள் பாலைவனத்தைப் பார்த்ததாகாது. ஆனால் தலைநகரை விட்டுவிட்டு நேரே மணல்மேட்டில் போய் இறங்கினாலும் பாலைவனம் விளங்காது. கொழும்புப் பாடசாலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் படிப்பித்தவன் நான். கரும்பலகையில் தார்ப் பாலைவனத்தைப் புள்ளியிட்டுக் காட்டிப் பல வகுப்புகளைக் கடத்திய பிறகுதான் முதன்முறை அங்கே போனேன். பின்னர் இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாம் பயணத்தில்தான் அந்த நாட்டை எப்படிப் பார்ப்பது என்பது பிடிபட்டது. அங்கே மணலைத் தேடிப் போகாமல், ஒவ்வோர் ஊரிலும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எங்கே தேக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் அரண்மனை முதல் அடுப்படி வரை எல்லாம் தாமாக விளங்கத் தொடங்கும்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தான் இந்தியாவின் மிகப் பெரிய மாநிலம்; 3,42,239 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். அதன் குறுக்கே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஆரவல்லி மலைத்தொடர் ஓடுகிறது. ஜெய்ப்பூர் அந்த மலைகளை ஒட்டிய ஊர்; பாலைவனம் மலைகளுக்கு மேற்கே விரிகிறது. மத்திய மலைநாடு காற்றை மறிப்பதால் ஒரு பக்கம் மழை கொட்டுகிறது, மறுபக்கம் வறள்கிறது என்று நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆரவல்லியின் கதை அதற்கு எதிர்மாறானது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திசைக்கு ஏறக்குறைய இணையாகவே அந்த மலைத்தொடர் படுத்திருப்பதால் காற்று எதிலும் மோதாமல் பக்கவாட்டாக நழுவிப் போய்விடுகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் கிளையோ, கங்கைச் சமவெளி முழுவதும் பெய்து தீர்த்துவிட்டு, இங்கே வந்து சேரும்போது வெறுங்கையோடு நிற்கிறது.

ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே போவதென்பது மழையின் படிக்கட்டில் இறங்குவது. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஜெய்ப்பூரில் சுமார் 600. ஜோத்பூரில் 300க்கும் 400க்கும் இடையில். ஜெய்சல்மேரில் சுமார் 200, அதுவும் சில ஆண்டுகளில் பெயரளவுக்கே. இந்த நான்கு எண்களை மகனின் கொப்பியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதைவிட அது உதவும்.

மணல்தான் பாலைவனம் என்ற எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுவது நல்லது. வடமராட்சியில் மணற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். அங்கேயும் காற்று குவித்த மணற்குன்றுகள் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மணல் மழைநீரை வடிகட்டி அடியில் வைத்திருக்கிறது. மறுபுறம் தார் நிலத்தின் பெரும்பகுதி மணற்குன்றே அல்ல. கல்லும் சரளையும் முட்புதரும் கொண்ட தரை, நடுவே கம்பு விளையும் வயல்கள், ஆட்டு மந்தைகள், பஸ் நிற்கும் சந்திகள். உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது இதில்தான். ஐந்திணையில் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்காமல், முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையையே பாலை என்று நம் முன்னோர் வகுத்தது எவ்வளவு கூர்மையான பார்வை என்பது எனக்கு ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடைப்பட்ட சாலையில்தான் உறைத்தது.

இனித் தலைநகர். ஜெய்ப்பூர் 1727ஆம் ஆண்டு இரண்டாம் சவாய் ஜெய் சிங் மன்னரால் தொடங்கப்பட்டது. வரைபடத்தில் அவருக்குத் துணை நின்றவர் வித்யாதர் பட்டாச்சார்யா. அதற்கு முன் கச்வாகா அரசர்களின் தலைநகர், வடக்கே பதினொரு கிலோமீற்றர் அளவில், மலை இடுக்கிலிருந்த ஆமேர். வளர்ந்துவந்த மக்கள் தொகைக்கு அந்த இடுக்கில் இடமும் நீரும் போதாமற்போகவே சமவெளிக்கு இறங்கி, ஒன்பது சதுரங்களாகப் பிரித்து, நூல் பிடித்தாற்போல் தெருக்கள் போட்டு ஒரு நகரை எழுப்பினார்கள். மதிலுக்குள் இருக்கும் அந்தப் பழைய நகரை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எல்லோரும் படம் பிடிக்கும் இளஞ்சிவப்பு நிறம் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1876இல் பிரித்தானிய இளவரசரின் வருகையை ஒட்டி இரண்டாம் ராம் சிங் காலத்தில் பூசப்பட்டது.

அந்தத் தெருக்கள் குறுக்கிடும் பெரிய சதுக்கங்களைச் சௌபட் என்பார்கள். இன்று அங்கே வாகன நெரிசலில் நிற்கும் எவருக்கும் தோன்றாத ஒன்று, அவை ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டிகளாக இருந்தன என்பது. கால்வாய் வழியாக வந்த நீர் சதுக்கத்தின் நடுவில் தேங்கி நிற்க, மக்கள் படியிறங்கி மொண்டுபோனார்கள். பிற்காலத்தில் அவற்றை மூடி மேலே பூங்காவும் தெருவும் அமைத்துவிட்டார்கள். மெட்ரோ புகையிரதத்துக்காக நிலத்தைத் தோண்டியபோதுதான் பழைய தொட்டிகளின் படிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

நகர அரண்மனையில் எல்லோரும் வாளையும் பட்டாடையையும் பார்த்துக்கொண்டு நகர்வார்கள். நீங்கள் இரண்டு வெள்ளிக் குடங்களுக்கு முன்னால் நில்லுங்கள். ஒவ்வொன்றும் 345 கிலோ எடை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 4,000 லீற்றர் நீர் பிடிக்கும். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்காக இலண்டனுக்குக் கப்பலேறிய இரண்டாம் மாதோ சிங், அயல்நாட்டு நீரைத் தொட விரும்பாமல் கங்கை நீரை இவற்றில் நிரப்பி எடுத்துப்போனார். ஆசாரத்தின் மிகை என்று சிரிக்கலாம்; நானும் முதல்முறை சிரித்தேன். வறண்ட நாட்டு அரசன் ஒருவன் தன் செல்வத்தைக் காட்ட விரும்பியபோது, வெள்ளியை உருக்கி அதற்குள் தண்ணீரை வைத்தான் என்பது பிறகுதான் மனதில் பட்டது.

ஹவா மகாலை வெளியிலிருந்து காலை வெயிலில் பாருங்கள், போதும். 1799இல் கட்டப்பட்டது, ஐந்து தளம், 953 சிறு யன்னல்கள். உள்ளே ஏறினால் அம்மாவுக்கு முழங்கால் வலி மிஞ்சும். அந்த நேரத்தை ஜந்தர் மந்தருக்குக் கொடுங்கள். ஜெய் சிங் கட்டிய ஐந்து வானாய்வுக் கூடங்களில் பெரியது இது. இங்குள்ள சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீற்றர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் நகரும். மகனின் உள்ளங்கையைப் பளிங்கு வில்லின் பக்கத்தில், நிழலின் ஓரத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் நிழல் விரல்களை ஒவ்வொன்றாக விழுங்குவதைக் கண்ணாலேயே காண்பான். பூமி சுற்றுகிறது என்பதை நான் இருபது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன், பார்த்தது அங்கேதான். யந்திரம் காட்டும் நேரம் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 27 நிமிடம் பின்தங்கி நிற்கும், பருவத்துக்கேற்ப ஏறத்தாழக் கால் மணி நேரம் வரை கூடிக் குறையும். இந்தியாவின் நியம நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது, ஜெய்ப்பூரோ அதற்கு மேற்கே கிடக்கிறது என்பதே காரணம். நாமும் அதே நேரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். கொழும்புக்கு அந்த வித்தியாசம் பத்து நிமிடம் சொச்சம்.

ஆமேர்க் கோட்டைக்கு ஏற ஜீப் உண்டு. யானைச் சவாரி வேண்டாம் என்பது என் கருத்து, அந்தச் செங்குத்துச் சரிவில் ஆட்களைச் சுமந்து நாளெல்லாம் ஏறியிறங்கும் விலங்கைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கோட்டையின் அடிவாரத்திலுள்ள மாவட்டா ஏரியிலிருந்துதான் மேலே நீர் ஏற்றப்பட்டது. அதற்கும் மேலே உள்ள ஜெய்கர்க் கோட்டைக்குப் பெரும்பாலோர் பீரங்கி பார்க்கப் போகிறார்கள். நீங்கள் அங்குள்ள பெரிய நீர்த்தொட்டிகளையும், சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் விழும் மழையை அவற்றுக்குக் கொண்டுவரும் வாய்க்கால்களையும் தேடிப் பாருங்கள்.

ஜெய்ப்பூரிலிருந்து கிழக்கே சுமார் 95 கிலோமீற்றரில் ஆபாநேரி என்ற சிற்றூர். அங்குள்ள சாந்த் பாவ்டி என்ற படிக்கிணற்றுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் இக்கிணறு பதின்மூன்று தளம் ஆழமாகக் கீழிறங்குகிறது. மூன்று பக்கங்களிலும் முக்கோணம் முக்கோணமாக ஏறத்தாழ 3,500 படிகள். நம் ஊரில் துலாவோ கப்பியோ போட்டு நீரை மேலே கொண்டுவருவோம். அங்கே மனிதர் நீரிடம் இறங்கிப் போனார்கள். மாரியில் நீர் உயர்ந்தால் பத்துப் படி, கோடையில் வற்றினால் நூறு படி. கீழே போகப் போகக் குளிர்ச்சி கூடுவதால் வெயில் நாட்களில் ஊரார் கூடும் இடமாகவும் அது விளங்கியது. இப்போது பாதுகாப்புக்காகப் படிகளில் இறங்க விடுவதில்லை. மேலிருந்தே பார்க்கலாம் என்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் கீழுள்ள இத்தகைய இடங்களில் சார்க் நாட்டவர்களுக்கு இந்தியர்களுக்குரிய நுழைவுக் கட்டணமே அறவிடப்படும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மாநில அரசும் அரச குடும்ப அறக்கட்டளைகளும் நடத்தும் இடங்களில் அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது.

தலைநகரைப் பற்றி இன்னும் ஒன்று. நகருக்கு நெடுங்காலம் நீர் கொடுத்த ராம்கர் ஏரியில்தான் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் படகோட்டம் நடந்தது. அதன் பிறகு நீரேந்து பகுதியில் தடுப்புகளும் ஆக்கிரமிப்புகளும் பெருகி, ஏரி வறண்டு தரையானது. இன்று ஜெய்ப்பூர் குடிப்பது நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பீசல்பூர் அணையின் நீரை. மன்னர் காலத்துக் கிணறுகளைப் பார்த்து வியக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம்.

கடைத்தெருவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செட்டியார் தெருவில் நகை வாங்கிப் பழகியவர்களுக்கு ஜோஹரி பஜார் அந்நியமாக இராது. நிறக்கற்களைப் பட்டை தீட்டுவதில் ஜெய்ப்பூர் பேர்பெற்ற ஊர். ஆனால் என் முதற் பயணத்தில் வாடகை வாகன ஓட்டுநர் ஒருவர் ‘அரசாங்கக் கடை’ என்று சொல்லி இறக்கிவிட்ட இடத்தில், நீலக்கல் விளையும் நாட்டிலிருந்து போன எனக்கே நீலக்கல் என்று நிறமேற்றிய கல்லொன்றை விற்றுவிட்டார்கள். கல்லை விட்டுவிடுங்கள். சாங்கானேர், பக்ரு அச்சுத் துணிகளும், பஞ்சு அடைத்த மெல்லிய ரசாய்ப் போர்வையும் வாங்குங்கள். போர்வை அடுத்த ஊர்களில் உங்களுக்கே தேவைப்படும்.

நான்காம் நாள் காலையில் வாகனத்தில் மேற்கே புறப்பட்டு அஜ்மீர் வழியாக ஜோத்பூர் சேரலாம். அஜ்மீரில் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தியின் தர்கா இருக்கிறது; கொழும்பிலிருந்து நம் முஸ்லிம் உறவுகள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் ஊர். ஒரு மலையைக் கடந்தால் புஷ்கர், பிரம்மாவுக்குக் கோயில் உள்ள தலம். ஆரவல்லியை நீங்கள் கடப்பதும் இங்கேதான். அதன்பின் மரங்கள் குட்டையாகும், இலைகள் சிறுக்கும்.

அந்த மரங்களில் ஒன்றை மட்டும் வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். அங்கே கேஜ்ரி என்பார்கள். நமக்கு அது வன்னி. நவராத்திரி முடிந்து மானம்பூத் திருவிழாவில் வாழையோடு நட்டு வைக்கும் அதே வன்னி. வேரை மிக ஆழத்துக்கு இறக்கி நீர் தேடும். நிழலிலும் பயிர் வளரும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் மனிதருக்குக் கறி. நாம் பனையைக் கற்பகதரு என்பதுபோல அவர்கள் இதைச் சொல்கிறார்கள். ராஜஸ்தானின் மாநில மரமும் இதுவே. ஜோத்பூரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றரிலுள்ள கேஜர்லி கிராமத்தில், 1730ஆம் ஆண்டு, அரண்மனைக் கட்டட வேலைக்காக இம்மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ருதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று வெட்டுண்டார். அவரையும் சேர்த்து 363 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அங்கே நினைவுகூரப்படுகிறது. கோட்டைகளில் போர்வீரர்களின் கதைகளை வரிசையாகக் கேட்டுக் களைத்த பிறகு அந்த ஊரின் அமைதியான தோப்பில் அரை மணி நேரம் இருப்பது வேறோர் அனுபவம்.

ஜோத்பூரில் மெஹ்ரான்கர்க் கோட்டையை விடக்கூடாது. 1459இல் ராவ் ஜோதா நகரை நிறுவியபோது தொடங்கிய கோட்டை, செங்குத்துப் பாறையின் தொடர்ச்சியாகவே எழும்பி நிற்கிறது. மேலே போக மின்தூக்கி இருப்பதால் அம்மா தயங்க வேண்டியதில்லை. கீழே பழைய நகருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் படிக்கிணறு, குப்பையிலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்து அண்மைக் காலத்தில் துப்புரவாக்கப்பட்டது. மாலையில் உள்ளூர்ப் பையன்கள் மேல் விளிம்பிலிருந்து நீருக்குள் குதிப்பார்கள். உங்கள் மகன் ‘நானும்’ என்று நிற்பான், பிடித்துக்கொள்ளுங்கள். ஊரின் மறுகோடியில் தெரியும் உமைத் பவன் அரண்மனை, 1929இல் தொடங்கி 1943இல் முடிந்தது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று எழுப்பப்பட்டதால்தான் வேலை அவ்வளவு காலம் நீண்டது என்பார்கள்.

சாப்பாட்டு விடயத்தில் கவலை வேண்டாம், மரக்கறிக்காரருக்கு அது சொர்க்கம். காய்கறியும் நீரும் அரிதான நிலத்தின் சமையல் அது. வன்னிக் காயை உலர்த்தி வைத்து, கேர் என்ற முட்புதரின் சிறு காய்களோடு சேர்த்து வதக்கியது கேர் சாங்ரி. கடலைமாவை உருட்டி அவித்துத் தயிர்க் குழம்பில் போட்டது கட்டே. நெய்யில் தோய்த்த கோதுமை உருண்டையோடு பருப்பு வருவது தால் பாட்டி. நீருக்குப் பதில் மோரும் நெய்யும். பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி வைத்துக்கொள்ளும் நமக்கு இந்தப் புத்தி புதியதல்ல. கம்பு மாவை மோரில் காய்ச்சிய ராப் என்ற கூழைக் குளிர்ந்த காலையில் குடித்துப் பாருங்கள்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சாலை வழி ஐந்து மணித்தியாலம் அளவில். 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவிய நகரம். ஒட்டக வணிகக் கூட்டங்கள் கடந்த பாதையில் சுங்கம் வாங்கிச் செழித்தது. பம்பாய்த் துறைமுகம் எழுந்து வணிகம் கடலுக்கு மாறியதும் தேய்ந்தது. மஞ்சள் மணற்கல்லில் 99 கொத்தளங்களோடு நிற்கும் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. உள்ளே சமணக் கோயில்கள், கீழே நகரில் பட்வா வணிகர்களின் ஐந்து மாளிகைகள். கல்லை மரம்போல் குடைந்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டைக்குள் தங்காதீர்கள். முகவர் ‘கோட்டைக்குள்ளேயே அறை’ என்று ஆசை காட்டுவார். ஆளுக்கு ஒரு குடம் நீரில் நாள் கழித்த மக்களுக்காகக் கட்டப்பட்ட இடம் அது. குழாய் நீரும் விடுதிக் குளியலறைகளும் வந்த பிறகு கழிவுநீர் குன்றின் அடியிலுள்ள மென்மையான படிவங்களுக்குள் கசிந்து, சில கொத்தளங்கள் சரிந்தன. 1996இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இக்கோட்டையை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. தண்ணீர் இல்லாமல் எட்டு நூற்றாண்டு நின்ற கோட்டையைத் தண்ணீர் அரிக்கிறது. பகலில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே தங்குங்கள்.

கோட்டைக்கு வெளியே கடிசர் ஏரி. பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் காலத்தில் உருப்பெற்று நெடுங்காலம் ஊர் முழுவதற்கும் குடிநீர் கொடுத்தது. இப்போது பஞ்சாபின் ஹரிகே அணைக்கட்டிலிருந்து வரும் இந்திரா காந்திக் கால்வாய் ஜெய்சல்மேர் வரை நீர் கொண்டுவருகிறது. 1958இல் தொடங்கிய அந்தக் கால்வாய் மணலில் கோதுமை விளைவித்திருக்கிறது. சில இடங்களில் நிலத்தைச் சதுப்பாக்கி உவராக்கியும் இருக்கிறது.

நகரிலிருந்து மேற்கே குல்தாரா என்ற கைவிடப்பட்ட கிராமத்துக்கு எல்லா வாகனங்களும் போகும். பாலிவால் பிராமணர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விட்டுச்சென்ற ஊர். பேய்க்கதை சொல்லிக் காசு கேட்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். அதே மக்கள் அமைத்த காடீன் என்னும் வயல்களைக் காட்டச் சொல்லுங்கள். பாறைச் சரிவில் விழும் சிறு மழையையும் வழியவிட்டு, தாழ்வான இடத்தில் நீண்ட மண்வரம்பு போட்டு மறித்து, நீர் நிலத்துக்குள் ஊறியதும் அந்த ஈரத்தில் மட்டும் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பிறகு நீர்ப்பாசனமே இல்லை. மார்கழியில் போகும் உங்களுக்கு, சுற்றிலும் காய்ந்த கல் கிடக்க நடுவே பச்சைத் தட்டுப்போல அது தெரியும். வன்னிக் குளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, குளத்துக்குள்ளேயே வயல் செய்யும் அந்தத் துணிவு முதலில் விளங்கவேயில்லை.

மணற்குன்றுகளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. சம் என்பது நகரிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். பெரிய குன்றுகள், பெரிய கூட்டம். என் இரண்டாவது பயணத்தில் அங்கே ஒரு கூடார விடுதியில் நடுநிசி வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். அவ்வளவு தூரம் போய்க் கொழும்புக் கலியாண மண்டபமொன்றில் படுத்ததுபோல் இருந்தது. தென்மேற்கிலுள்ள குரி சிறியது, அமைதியானது. ஒலிபெருக்கி இல்லை என்பதை முன்பே கேட்டு உறுதிசெய்துகொண்டு அங்கே ஓரிரவு தங்குங்கள். மாங்கணியார்ப் பாடகர்கள் வந்தால் கமாய்ச்சா வாத்தியத்தையும், மோர்ச்சாங் என்ற சிறு இரும்புக் கருவியையும் கவனியுங்கள். பின்னது நம் கச்சேரிகளில் கேட்கும் மோர்சிங்கே.

குரிக்கு அப்பால் ஒரு வீட்டு முற்றத்தில் நான் கண்டதைச் சொல்லாமல் விட முடியாது. முற்றத்தில் வட்டமாக, சாய்வாகத் தரையை மெழுகி, நடுவில் சிமெந்து பூசிய ஒரு தாழ்வான மூடி. அதற்குச் சிறு பூட்டு. அது டாங்கா, மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டி. மழைக்காலம் வரும் முன் அந்த வட்டத்தைக் கூட்டித் துப்புரவாக்குவார்கள், செருப்போடு எவரும் மிதிக்கக் கூடாது. வீட்டுக்கார மூதாட்டி முந்தானையில் முடிந்திருந்த திறப்பால் பூட்டைத் திறந்து, சிறு வாளியில் அரைவாசி மொண்டு, மறுபடி பூட்டினார். தேநீர்க் குவளைகளை மணலால் தேய்த்துச் சேலையால் துடைத்தார். ஒரு சொட்டு நீர் அதற்குச் செலவாகவில்லை. எஞ்சிய நீரை ஆட்டுக்குட்டிக்கு வைத்தார். பேச்சில் அந்த நீரைப் பாலர் பானி என்றார். வானத்திலிருந்து நேரே விழுவது பாலர் பானி, ஆழ்கிணற்று உவர்நீர் பாதாள் பானி, மணலுக்கும் அடியிலுள்ள சுண்ணப் படிவுக்கும் இடையே தங்கி நிற்கும் ஈரம் ரேஜாணி பானி. மூன்றாவது வகையை, ஓர் ஆள் மட்டும் இறங்கக்கூடிய ஒடுங்கிய கிணறு தோண்டித் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள். கீழே உவர்நீர், மேலே நன்னீர் மிதக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: கொழும்பிலிருந்து டில்லி, அங்கிருந்து அதே நாளில் ஜெய்ப்பூர், அங்கே மூன்று இரவு, ஜோத்பூரில் இரண்டு, ஜெய்சல்மேரில் ஒன்று, குரியில் ஒன்று, திரும்பி ஜோத்பூரில் ஒன்று, ஒன்பதாம் நாள் ஜோத்பூரிலிருந்து விமானத்தில் டில்லி வழியாக வீடு. ஜெய்சல்மேரிலிருந்து டில்லிக்குப் புகையிரதமும் ஓடுகிறது, ஆனால் அம்மாவோடு அவ்வளவு நீண்ட பயணம் வேண்டாம். ஆக்ராவை இந்த முறை விட்டுவிடுங்கள். இலங்கையர் இந்திய விசாவை இணையவழியில் பெறலாம். விமானச்சீட்டுக்கு முன் அதன் நிபந்தனைகளைப் பார்த்துவிடுங்கள். பாகிஸ்தான் எல்லையை அண்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவர் அனுமதி பெற வேண்டும். தமிழ் பேசுவதைக் கேட்டு உங்களை மதராஸ்காரர் என்றே எண்ணி ‘தனோட், லோங்கேவாலா எல்லாம் காட்டுகிறேன்’ என்று ஓட்டுநர் அழைப்பார். சோதனைச் சாவடியில் இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டும்போதுதான் சிக்கல் தெரியும்.

குளிரைக் குறைத்து மதிக்காதீர்கள். ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகல் வெப்பத்தைப் பிடித்து வைக்காததால், நண்பகலில் 24 பாகை இருக்கும் மணல் இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடும். அம்மாவுக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம். உதடும் குதிகாலும் வெடிக்கும், தேங்காயெண்ணெய்ப் போத்தலொன்று எடுத்துப்போங்கள்.

மகனுக்கு என் பதில்: உண்மைதான். ஜெய்சல்மேரிலிருந்து பதினேழு கிலோமீற்றரில், பார்மேர் போகும் வழியில், ஆகல் என்ற இடத்தில் கம்பி வேலிக்குள் பெரிய பெரிய மரக்கட்டைகள் கல்லாகிக் கிடக்கின்றன. ஜுராசிக் காலம், சுமார் 18 கோடி ஆண்டு. அப்போது அங்கே அடர்ந்த காடு இருந்தது, கடலும் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரையும் கூண்டும் போட்டு மூடியிருப்பதைப் பார்த்து முதலில் ஏமாந்துபோவான். குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள், மரப்பட்டையின் வரிகள் அப்படியே கல்லில் இருக்கும். அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. போத்தலில் நிரப்பிக் கொண்டுவர ஆசைப்பட்டால் குரியில் ஒரு பிடி மணல் எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலோடு பக்கத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம்.